நானூறு லிட்டர் கடல்

எங்கள் வீட்டில் ஒரே ஓர் அறையில்தான் ஏசி இருந்தது. அந்த அறையில் மீன்கள் இருந்தன.

2015இல் பெரம்பூரில் இந்த ஃபிளாட்டை வாங்கியபோது, பில்டர் கொடுத்த வரைபடத்தில் அந்தச் சின்ன அறைக்கு ‘ஸ்டடி’ என்று பெயர். பத்துக்கு ஒன்பது அடி, வடக்குப் பார்த்த ஜன்னல். “இது உனக்கு” என்றார் கணவர். நான் முனைவர் பட்ட ஆய்வேட்டை மாமியார் வீட்டுச் சமையலறையில், எல்லோரும் படுத்த பிறகு, மேடையைத் துடைத்துச் செய்தித்தாள் விரித்து எழுதியவள். நெய்தல் திணைப் பாடல்களில் பெண்குரல் என்பது தலைப்பு. என்னிடம் இருக்கும் பிரதியில் மூன்றாம் இயலில் ஒரு பக்கத்தில் இன்னும் புளிக்கறை தெரியும். அப்படிப்பட்டவளுக்கு வடக்கு ஜன்னல் கிடைத்தால் கேட்க வேண்டுமா? மேசை எங்கே வரும், அலமாரி எங்கே வரும் என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டு வைத்தேன். ஏழு மாதம் கழித்து, அந்தக் கோடு இருந்த இடத்தில் தொட்டியின் இரும்பு ஸ்டாண்டு வந்து உட்கார்ந்தது.

தொட்டி என்றால் கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீன் விடுகிற சமாசாரம் இல்லை. உப்புநீர்த் தொட்டி. நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம். ஸ்டாண்டுக்குள் இன்னொரு தொட்டி. அதற்கு சம்ப் என்று பெயர். (இந்த ஊரில் சம்ப் என்றால் லாரித் தண்ணீர் இறங்குகிற நிலத்தடித் தொட்டி. எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா ‘மேல் சம்ப்’ என்று இதற்குப் பெயர் வைத்துவிட்டார்.) இரண்டும் சேர்ந்து நானூறு லிட்டர் கடல். ஆறு மீன்கள், இரண்டு இறால்கள், கூட்டம் கூட்டமாக மென்பவளங்கள். பவளத்துக்கு 26 டிகிரி சூடு போதும். முப்பதைத் தாண்டி நாள் கணக்கில் போனால், தன் உடலுக்குள் வைத்திருக்கும் நுண்பாசிகளை வெளியே தள்ளிவிட்டு வெளுக்கத் தொடங்கும். அந்தப் பாசிதான் அதற்குச் சோறு. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 கோடைகளில் கடலே சூடாகிப் பவளப்பார்கள் வெளுத்தன. சென்னையில் மே மாதம் வீட்டுக்குள்ளேயே 34 டிகிரி. ஆகவே இருபத்துநாலு மணி நேர ஏசி, ஆகவே சின்ன அறை.

என்னிடம் கேட்காமல் நடந்தது என்று சொல்ல முடியாது. “உனக்கு ஓகேதானே?” என்று கேட்டார். ஓகே என்றேன். கடலுக்கு 26 டிகிரி தேவை என்று ஒருவர் சொல்லும்போது கவிதைக்கும் ஏதோ தேவை என்று எந்த அளவுகோலை வைத்துச் சொல்வது? பவளத்துக்கு தெர்மாமீட்டர் இருக்கிறது.

2018இல் அவருக்குப் புனேவில் வேலை மாறியது. பொருள்வயிற் பிரிவு பாலைக்கு உரியது என்று வகுப்பில் நடத்துவேன். எங்கள் வீட்டில் பொருள்வயின் பிரிந்தவர் நெய்தலை என் தலையில் விட்டுவிட்டுப் போனார். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். எனக்கு இரங்க நேரமில்லை. காலையில் ஸ்கிம்மர் கோப்பையைக் கழுவ வேண்டும். மீன்கழிவெல்லாம் நுரையாகத் திரண்டு அந்தக் கோப்பையில் பழுப்புத் தண்ணீராக நிற்கும், காசிமேட்டுப் படகுத்துறையை மூடி போட்டு வைத்த மாதிரி ஒரு நாற்றம். தினமும் நான்கைந்து லிட்டர் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புநீர் ஊற்றக் கூடாது. இது தெரியாமல் முதல் மாதம் ஓர் இறாலைக் கொன்றேன். ஞாயிற்றுக்கிழமை நாற்பது லிட்டர் தண்ணீர் மாற்ற வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்பது குழம்புக்கு உப்பு மாதிரி எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. மின்சாரம் போனால் மற்ற வீடுகளில் மெழுகுவர்த்தி தேடுவார்கள், நான் பேட்டரி ஏர்பம்பைத் தேடுவேன்.

வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றே: “சார் என்னமா மெயின்டெயின் பண்றார்!”

கொளத்தூருக்கு நானே போவேன். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன இடம், எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் இருபது நிமிடம். ஒரு கடையில் அல்கலினிட்டி குறைகிறது, என்ன டோசிங் போடலாம் என்று கேட்டேன். கடைக்காரர் தன்மையான மனிதர்தான். “சார்கிட்ட ஃபோனைப் போட்டுக் குடுங்க மேடம், நான் பேசிக்கறேன்” என்றார். போட்டுக் கொடுத்தேன். அவர் புனேயிலிருந்து, “அவளுக்குத்தான் தெரியும், அவகிட்டயே கேளுங்க” என்றார். கடைக்காரர் ஃபோனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்ற பையனிடம் அல்கலினிட்டியைப் பற்றி விளக்கத் தொடங்கினார்.

2019 கோடையைச் சொல்லாமல் விடக் கூடாது. நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம். எங்கள் தெருவில் விடிவதற்கு முன்பே பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்கும். குடத்துக்குப் பின்னால் நின்ற ஆணை நான் பார்த்த ஞாபகம் இல்லை. அந்த நாட்களில் நான் மாடியில் ஆர்ஓ இயந்திரத்தை ஓட்டி, ஒரு லிட்டர் சுத்த நீருக்கு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியே விட்டு, கடலுக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். கழிவுநீரில் துணி துவைத்தோம், வீடு துடைத்தோம். அப்படியும் கூசியது. அக்கா ஒருநாள் மூன்றாவது நடையாகக் குடம் தூக்கி வந்தவர், தொட்டியைப் பார்த்து, “இதுங்களுக்கு லாரி லேட்டாவே வராதுல்ல?” என்றார். அதில் வன்மம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

இந்தத் தொட்டி விஷயத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அப்போதுதான். ஆய்வு மாணவி புத்தி போகாது. 1832இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் ஜான் வில்ப்ரோ-பவர் என்ற பிரெஞ்சுப் பெண், ஆர்கோனாட் என்ற எண்காலியைக் கவனிப்பதற்காகக் கண்ணாடித் தொட்டி செய்தார். அதற்குமுன் அவர் பாரிசில் தையல்காரி. அந்த உயிர் தன் ஓட்டைத் தானே சுரக்கிறதா, இன்னொன்றிடமிருந்து திருடுகிறதா என்று ஆண்கள் வெகுகாலம் வாதாடிக்கொண்டிருந்தார்கள். இவர் வளர்த்துப் பார்த்து, தானே சுரக்கிறது என்று காட்டினார். பின்னாளில் அவருடைய சேகரிப்புகளையும் வரைபடங்களையும் ஏற்றிவந்த கப்பல் மூழ்கியது.

இன்னொருவர் ஆனா தைன். லண்டனில் பாதிரியாரின் மனைவி. 1846இல் டார்க்கீ கடற்கரையில் பார்த்த கல்பவளங்களை ஒரு ஜாடியில் போட்டு லண்டன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பம்பு இல்லாத காலம். தண்ணீரில் காற்றுக் கலக்க வேண்டுமே? திறந்த ஜன்னலுக்கு முன்னால் வைத்து, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு, காப்பி ஆற்றுகிற மாதிரி, தினமும் அரைமணி முக்கால்மணி ஆற்ற வைத்தார். ஆற்றியது பணிப்பெண். உலகின் முதல் நிலைத்த கடல்நீர்த் தொட்டிகளில் ஒன்று அந்தப் பெண்ணின் தோள்பட்டையில் ஓடியது. அவள் பெயர் நான் படித்த எதிலும் இல்லை. ‘அக்வேரியம்’ என்ற சொல்லை 1854இல் தன் புத்தகத்தின் மூலம் பரப்பிய பிலிப் ஹென்றி காஸ்ஸின் பெயர் எல்லோருக்கும் தெரியும்.

2020 ஊரடங்கில் இணையவழி வகுப்பு வந்தது. வீட்டில் கதவு சாத்தக்கூடிய, சமையல் சத்தம் வராத ஒரே இடம் தொட்டி அறை. நாற்காலி போட இடமில்லை. தரையில் சம்மணமிட்டு, மடிக்கணினியை உப்பு வாளியின் மேல் வைத்துப் பாடம் எடுத்தேன். “அம்மா, உங்க வீட்டுல மழை பெய்யுதா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். சம்ப்பில் தண்ணீர் விழும் சத்தம். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

ஆனால் முடிவெடுத்தது அதற்கும் பிறகு. 2022இல் ஓர் இதழில் என் கவிதைகள் வந்தபோது, ‘நீங்கள் எழுதும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று அனுப்புங்கள்’ என்று கேட்டார்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எடுத்தால் பின்னால் மிக்ஸி வந்தது. கட்டிலில் எடுத்தால் நோயாளி மாதிரி இருந்தது. கடைசியில் மகள் என்னைத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தி எடுத்தாள். படம் வெளியான அன்று முப்பது பேராவது செய்தி அனுப்பினார்கள். எல்லாமே தொட்டியைப் பற்றி. அன்றிரவு புனேவுக்குப் பேசினேன்.

“நான் டேங்கை ஹாலுக்கு மாத்தப் போறேன்.”

“செட் ஆன டேங்க்டி அது. ஏழு வருஷம். நகர்த்தினா க்ராஷ் ஆயிடும். நான் வர்றப்போ பாத்துக்கலாம்.”

“நீங்க இதுவரைக்கும் இருபது தடவை வந்துட்டுப் போயிட்டீங்க.”

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, “என்னைக் கேக்கறியா, சொல்றியா?” என்றார்.

“சொல்றேன்.”

சொல்லிவிட்டேனே தவிர, அடிவயிறு கலங்கியது. அவர் பொய் சொல்லவில்லை. நிலைபெற்ற ஒரு பவளத் தொட்டியைக் கலைத்து வேறு இடத்தில் கூட்டுவது என்பது, நடந்துகொண்டிருக்கும் ஓர் உடலைப் பிரித்து மறுபடி தைப்பது போலத்தான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். பாறையின் நுண்துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், பிறகு நைட்ரேட்டாக்கும். பல மாதங்களில் கூடிவரும் கணக்கு அது. பாறை காய்ந்தால் பாக்டீரியா சாகும். மணலைக் கலக்கினால் வருடக்கணக்கில் அடியில் தேங்கிய அழுக்கு ஒரே நாளில் வெளியே வரும். எல்லாம் செத்தால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஓர் அறைக்காகக் கொன்றாள் என்பார்கள். எனக்கும் அது முழுப்பொய்யாகத் தோன்றாது என்பதுதான் பயமே. ஏனென்றால் சில இரவுகளில் நான் அந்தத் தொட்டி உடைந்துபோக வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். காலையில் எழுந்து அதற்கே முதலில் தீனி போட்டிருக்கிறேன்.

மூன்று மாதம் தயார் செய்தேன். தண்ணீர், கண்ணாடி, பாறை எல்லாம் சேர்த்து ஏறக்குறைய அரை டன் எடை. வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும்படி கணக்கிட்டுக் கட்டுகிறார்கள். தளத்தின் நடுவில் வைப்பதைவிட, பீம் ஓடும் சுவரை ஒட்டி, நீளவாக்கில் வைப்பதே நல்லது என்றார், சிவில் இன்ஜினியரான கல்லூரித் தோழி. அவரே வந்து வரைபடத்தைப் பார்த்து, ஹாலில் டிவி இருந்த சுவரைக் காட்டினார். டிவிக்கு இடம் போனது. மகள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஹாலில் ஏசி கிடையாது, ஆகவே தண்ணீரை மட்டும் குளிர்விக்கும் சில்லர் வாங்கினேன். கவிதைத் தொகுப்பின் ராயல்டி ஸ்கூட்டர் பெட்ரோலுக்குத்தான் ஆகும். இது விடைத்தாள் திருத்திய பணம்.

2023 பொங்கல் விடுமுறையில் நாள் குறித்தேன். தை மாதக் குளிர்ச்சி பவளத்துக்கும் நல்லது, தூக்குகிறவர்களுக்கும் நல்லது. இரண்டு நாள் முன்பே இருநூறு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் ஏழு கிலோ உப்பைக் கரைத்து, பம்பு போட்டுச் சுற்றவிட்டேன். அடர்த்தி 1.025 வந்தது. சோப்பு படாத புதுக் குடங்கள் பத்து வாங்கினேன், பச்சையும் ஊதாவும். எந்த வெளிநாட்டுப் புத்தகத்திலும் குடத்தை யாரும் பரிந்துரைக்கவில்லை. பதினைந்து லிட்டர் தண்ணீரை ஒரு பெண் தனியாக இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஒரு சொட்டு சிந்தாமல் நடப்பதற்கு அதைவிட நல்ல வடிவம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

வந்தவர்கள்: அக்கா, எம்.ஏ. மாணவிகள் இருவர், மகள். பண்டிகைக்கு வந்திருந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். “காலி கண்ணாடியே எண்பது கிலோ இருக்கும். ரெண்டு ஆம்பளைங்களைக் கூப்பிட்டுக்கோ” என்று புனேயிலிருந்து செய்தி வந்தது. அக்கா அதைக் கேட்டுச் சிரித்தார். அவர் கூப்பிட்டது தன் தங்கையை. தங்கை கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறவர். (அக்காவின் பெயரை எழுதலாமா என்று கேட்டேன். “எதுக்கு? அப்புறம் பி பிளாக் அம்மாவும் எங்க வீட்டுத் தொட்டியத் தூக்கு வான்னு கூப்பிடும்” என்றார்.)

எல்லோருக்கும் கையுறை, கண்ணாடி கொடுத்தேன். பூப்போல விரியும் ஜோவாந்திட் வகைப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடுமையான நஞ்சு இருக்கலாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் ஆபத்து, கண்ணில் தெறித்தால் ஆபத்து. அக்கா கையுறையை மாட்டிக்கொண்டே, “பாத்திரம் தேய்க்கற சோப்புல போகாத கையா இதுல போகப்போவுது” என்றார். ஆனால் கழற்றவில்லை. அவர் ஐந்து வருடமாக அந்தச் சோப்பைத் தொட்டதற்கு நான் ஒருநாளும் கையுறை கொடுத்ததில்லை என்பது அப்போது உறைத்தது.

காலை ஆறு மணிக்குத் தொடங்கினோம். வரிசை முக்கியம். முதலில் மேல்தண்ணீர், தெளிவாக இருக்கும்போதே, குழாய் போட்டுக் குடங்களுக்கு. பிறகு பவளங்கள், அதே தண்ணீர் நிரப்பிய பெரிய பெட்டிகளுக்கு. பிறகு பாறைகள். கடைசியாக மீன்கள், ஒளிய இடமும் நீந்த ஆழமும் குறைந்த பிறகு வலையில் எளிதாக வரும். முதலிலேயே பிடிக்கப் போனால் மொத்தப் பாறையையும் சரித்துவிடுவோம்.

பாறைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களுடையது கடலிலிருந்து வெட்டியது இல்லை. சிமென்ட்டும் சிப்பித்தூளும் கலந்து அச்சில் வார்த்தது. ஏழு வருடத்தில் ஊதாநிறப் பாசி ஏறி, புழுவும் பஞ்சுயிரும் குடியேறி, எது வார்த்தது எது வளர்ந்தது என்று தெரியாமல் ஆகியிருந்தது. கடினப் பவளங்கள் அனைத்தும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலி இருக்கும் அட்டவணை. அதற்கு முன்பும் பின்பும் மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டிய காலம் உண்டு. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்று இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 1986இல் அங்கே 21 தீவுகளைச் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அதனால் முதலில் தடுக்கப்பட்டவர்களில், தலைமுறை தலைமுறையாக அந்தத் தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடற்பாசி எடுத்த பெண்களும் உண்டு. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்குகிறவர்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. நான் நெய்தல் பாடல்களுக்கு உரை தேடி நூலகத்தில் உட்கார்ந்திருந்த வருடங்களில் அவர்கள் நெய்தலுக்குள் தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். என் ஆய்வேட்டில் அவர்கள் ஓர் அடிக்குறிப்பாகக்கூட இல்லை.

பாறை ஒன்றைத் தூக்கியபோது ‘டக்’ என்று சத்தம். மாணவி பயந்து பெட்டிக்குள் நழுவவிட்டாள். விரல் நீளத்தில் ஓர் இறால், ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக. துப்பாக்கி இறால்! கொடுக்கைச் சொடுக்கியே இரையை மயக்கும் பிராணி. எந்தப் பவளத்தோடு ஒட்டிக்கொண்டு வந்ததோ. மூன்று வருடமாக நள்ளிரவில் அந்தச் சத்தம் கேட்டு, கண்ணாடி விரிகிறது என்று எழுந்துபோய் டார்ச் அடித்துப் பார்த்தவள் நான். இதற்கா அத்தனை தூக்கம் கெட்டது என்று சிரிப்பு வந்தது.

மீன்களில் கோமாளி மீன்கள் இரண்டும் சேர்ந்தே வந்தன. பெரியது பெண். இந்த இனத்தில் எல்லாம் ஆணாகத்தான் தொடங்கும். கூட்டத்தில் தலைமை ஏற்பது பெண்ணாகும். அந்தப் பெண் செத்தால் அடுத்த ஆண் பெண்ணாக மாறும். எங்களிடம் இருந்த முதல் பெண் 2017இல் செத்தது. எஞ்சிய சின்ன ஆண் மாதக்கணக்கில் வளர்ந்து, பெண்ணாகி, பிறகு வாங்கி விட்ட குட்டியை அதட்டி வைத்திருக்கிறது. கணவர் அதை ‘பாஸ்’ என்பார், ‘அவன்’ என்றே பேசுவார். “பாஸ் அவள்ப்பா” என்று மகள் ஒவ்வொரு முறையும் திருத்துவாள். பாஸ் வலைக்குள்ளிருந்து என் கையுறையைக் கடித்தாள்.

அடியில் இருந்த மணலை வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு அங்குல ஆழத்தில் கறுப்புப் படலம், அழுகிய முட்டை நாற்றம். இரண்டு கைப்பிடி மேல்மணலை மட்டும் எடுத்துவைத்துவிட்டு மீதியை அள்ளிக் கொட்டினோம். மணலோடோ தண்ணீரோடோ தொட்டியை ஒருபோதும் தூக்கக் கூடாது; மூலை ஒட்டு விட்டுவிடும். காலி கண்ணாடியைத் தூக்கிய அந்த இருபத்திரண்டு அடிதான் மொத்த நாளின் மிக நீளமான நேரம். தங்கை குரல் கொடுத்தார்: “இடுப்பக் குனியாத, முட்டிய மடி. நாலு பேரும் ஒரே மூச்சு.” கதவு நிலையில் திரும்பும்போது என் பிடி வியர்வையில் வழுக்கியது. “விடாத டீச்சர்” என்று அவர் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ரசமட்டம் வைத்து ஸ்டாண்டை ஏற்கெனவே சரிபார்த்து, தெர்மாகோல் தட்டு விரித்திருந்தோம். கண்ணாடி அதன்மேல் உட்கார்ந்தபோது யாரும் பேசவில்லை. அம்மா மட்டும், “காப்பி போடட்டுமா?” என்றார்.

புதுமணல், பாறை, பழைய தண்ணீர் பத்துக் குடம், மிச்சத்துக்குப் புதுத் தண்ணீர். மீன்களைப் பெட்டியில் வைத்து, மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டுப் புதுநீரைச் சொட்டுச்சொட்டாக விட்டேன். ஒரு மணி நேரம். திடீரென்று மாற்றினால் அதிர்ச்சியில் செத்துவிடும். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினெட்டு வயதில் கோவில்பட்டியிலிருந்து வியாசர்பாடிக்குக் கல்யாணமாகி வந்தவர். “நான் வந்து இறங்கின அன்னிக்கு ராத்திரியே பதினாறு பேருக்கு இட்லி ஊத்துன்னாங்க” என்றார். பிறகு காப்பி டம்ளரைக் கழுவ எழுந்துபோனார்.

இரவு எட்டு மணிக்கு மீன்கள் நீந்தின. படம் எடுத்துப் புனேவுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது.

தவறு என்னுடையது. தொட்டியின் மேல் போடும் வலைமூடி பழைய அறையிலேயே சுவரோரம் சாய்ந்திருந்தது. களைப்பில் மறந்துபோனேன். காலையில் செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் ஆறுகோட்டு ராஸ் மீன், காய்ந்து வளைந்து, ஒரு வெள்ளரித் தோல் மாதிரி கிடந்தது. இந்த வகை மீன் புது இடத்தில் மிரண்டு குதிக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மாணவிகளுக்கே முதல்நாள் சொன்னேன். மகள் அதைப் பால்கனித் துளசித் தொட்டியில் புதைத்தாள்.

மூன்றாம் நாள் அம்மோனியா 0.5 காட்டியது. கடல்நீரின் காரத்தன்மையில் அது இன்னும் கொடுமையாக வேலை செய்யும். எண்பது லிட்டர் மாற்றினேன். மறுநாள் மறுபடி நாற்பது. டெஸ்ட் ட்யூபில் மஞ்சள் பச்சையாகிறதா என்று குழல்விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தபடி இரண்டு இரவுகள் போயின. பெரிய லெதர் பவளம், தொட்டியிலேயே மூத்தது, முழுதாகச் சுருங்கி மெழுகு பூசினதுபோல் ஆகிவிட்டது. இடம் மாற்றினால் அது அப்படித்தான் மூடிக்கொண்டு மேல்தோலை உரிக்கும் என்று தெரியும். தெரிவது வேறு, ஹாலைக் கடக்கும்போதெல்லாம் அந்தச் சாம்பல் நிறக் கட்டியைப் பார்ப்பது வேறு. ராஸ் செத்ததை நான்காம் நாள்தான் கணவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “லெதர் எப்படி இருக்கு?” என்று கேட்டார். “மூடியிருக்கு.” “சாப்டியா நீ?” என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை, அழைப்பைத் துண்டித்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் அதன் ஓரத்தில் மட்டும் நாலைந்து விரல்கள் எட்டிப் பார்த்தன. ஒரு வாரத்தில் முழுக்க விரிந்தது. பாஸ் திரும்பவும் அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

சின்ன அறைக்கு மேசை வந்துவிட்டது. முதல் பத்து நாள் அங்கே ஒரு வரி எழுதவில்லை. தண்ணீர்ச் சத்தம் இல்லாமல் காது அடைத்ததுபோல் இருந்தது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்து தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இரண்டு நாள் விடைத்தாள் திருத்தினேன். “இதுக்கா அம்மா இத்தனை பேர் தூக்கினோம்?” என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தக் கட்டுரையை அங்கேதான் எழுதுகிறேன்.

மேசைக்கு நேர் எதிரே, தொட்டி இருந்த சுவரில் நான்கடி நீளத்துக்கு உப்புப் பூத்திருக்கிறது. பெயின்டரைக் கூப்பிட்டேன். சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டு கோட் அடித்தார். மழைக்காலத்தில் மறுபடி வந்தது. “ஏழு வருஷ உப்பு மேடம், செங்கல்லுக்குள்ள இறங்கிடுச்சு. பூசுவேலையைக் கொத்தி எடுத்தாத்தான் போகும்” என்கிறார். கொத்துவதற்கு இப்போது நேரமில்லை. மாதத்துக்கு ஒருமுறை பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுகிறேன். மேசைமேல் வெள்ளையாக உதிரும். தாளைத் தட்டிவிட்டு எழுதுகிறேன்.